சிரிக்கத் தகுந்த துணி

"உன் துணி எங்கேம்மா?"

ஓவியக் கல்லூரியின் துணிக்கலைத் துறைத் தலைவர் கிருஷ்ணப்பன் உறுமினார். ராயபுரத்தில் துறைமுகத்தை ஒட்டிய பழைய கிடங்கில் இறுதியாண்டு மாணவர்களின் கண்காட்சி. தலைப்பு, 'துணியும் சிரிப்பும்'. எழில்மொழிக்கு ஒதுக்கிய மூலை மட்டும் காலியாகக் கிடந்தது.

"வந்துகினே கீது சார்."

"தேர்வாளர் வந்தாச்சு. போன வருஷமே உன்னை ஃபெயில் போட்டவர். இந்தத் தடவையும் போச்சுன்னா பட்டம் கிடையாது."

அது அவளுக்கும் தெரியும். வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் வேதமாணிக்கத்துக்கு ஒரே விதிதான். சிரிப்பு என்று தலைப்பு வைத்தால் அவருக்குச் சிரிப்பு வர வேண்டும். வராவிட்டால் தேர்ச்சி இல்லை.

பனியன் வேஸ்டில் தைத்த யானை முன்னால் அவர் நின்றார். யானை ஜட்டி போட்டிருந்தது.

"இந்த ஜட்டி, அதிகாரத்தின் மீதான ஒரு பின்நவீனத்துவ விமரிசனம்" என்றார் கிருஷ்ணப்பன். வரவிருந்த சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. மிஞ்சிய அரைப் புன்னகைக்குப் பாஸ் மார்க் போட்டார் தேர்வாளர். சுற்றிலும் பார்வையாளர்கள் சாவு வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி கைகட்டி நின்றார்கள்.

"நீ இன்னாடி இப்டி நிக்கற?" யானையைத் தைத்த மாயா தோழியின் காதைக் கடித்தாள். "எதுனா ஒரு லுங்கியாவது மாட்டி வையேன்."

"கம்முனு இரு. பேஜாரு பண்ணாத."

வாசலில் வெள்ளைக் கார் ஒன்று நின்றது. வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, கறுப்புக் கண்ணாடியோடு ஒருவர் இறங்கினார். "வழி வுடு, வழி வுடு" என்று முன்னால் இரண்டு பேர்.

திறப்பு விழாவுக்கு ஐந்து பெரிய மனிதர்களை அழைத்திருந்தார் கிருஷ்ணப்பன். ஒருவரும் வருவதாகச் சொல்லவில்லை. இவர் அந்த ஐவரில் எவர்? கேட்க முடியாது. பெரிய மனிதரைப் பார்த்து நீங்கள் யார் என்று கேட்பவன் வேலையில் இருப்பானா?

"வாங்கய்யா. உங்களுக்காகத்தான் காத்திருக்கோம்."

வந்தவர் கும்பிட்டார். பேசவில்லை. பேசாததால் இன்னும் பெரியவராகத் தெரிந்தார்.

"அந்த மூலைலதான் சார் காத்து வரும்" என்று எழில்மொழி தன் காலி மூலையில் ஒரு நாற்காலியைப் போட்டாள்.

முதல் பொன்னாடை கிருஷ்ணப்பனுடையது. அடுத்து வணிகர் சங்கம் சார்பில் உச்சிமாகாளி. பழைய மாணவர்கள் சார்பில் எபினேசர். ஃபோட்டோகிராபர் ஒருவர் இருந்ததால் சங்கங்கள் பெருகின. பொன்னாடை கொண்டுவராதவர்கள் கடைத்தெருவுக்கு ஓடினார்கள். போர்த்தியதை எடுத்தால் போர்த்தியவர் கோபித்துக்கொள்வார் என்று யாரும் கைவைக்கவில்லை. கழுத்து மறைந்தது. தாடை மறைந்தது. கடைசியில் கறுப்புக் கண்ணாடி மட்டும் எட்டிப் பார்த்தது.

"ஐயா கலையைப் பத்தி ரெண்டு வார்த்தை சொல்லணும்" என்று மைக்கை நீட்டினார் கிருஷ்ணப்பன்.

துணிகளுக்குள்ளிருந்து, "ம்ம்" என்று வந்தது.

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. "என்ன ஆழம்" என்று நெகிழ்ந்த கிருஷ்ணப்பன் இன்னொரு பொன்னாடையை விரித்தார். தோளில் இடமில்லை. தலையில் போர்த்தினார்.

வேதமாணிக்கத்தின் தோள்கள் குலுங்கின. அடக்கிப் பார்த்தார். முடியவில்லை. யானையைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"சார், பெரிய மனுஷர் முன்னாடி..." என்று பதறினார் கிருஷ்ணப்பன்.

"மன்னிச்சிருங்க, தாங்கல." தேர்வாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எழில்மொழின்னு ஒரு பொண்ணு பாக்கி. அவ துணி எங்கே?"

"அது உருப்படாது சார். இந்த வருஷமும் ஃபெயில் போட்ருங்க."

"இப்பத்தான் சார் முடிஞ்சுது" என்று கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள் எழில்மொழி. மூச்சு வாங்கிக்கொண்டிருந்த பொன்னாடைக் குவியலின் மேல் ஓர் அட்டையைக் குத்தினாள்.

'படைப்பு: தலைமை விருந்தினர். உள்ளே இருப்பது என் தாய்மாமன் செங்குட்டுவன். துணிகள், பார்வையாளர் உபயம்.'