ஆளுக்கொன்று

மிச்சம் எத்தனை என்று அம்மாவிடம் கேட்டுவிடக் கூடாது. கேட்டால் சொல்லிவிடுவாள். சொன்னபிறகு என்னால் சும்மா இருக்க முடியாது என்று எண்ணியபடிதான் ஸ்வர்ணலதா வீட்டுக்குள் நுழைந்தாள்.

ஆனால் மாத்திரை அட்டை சாமி மாடத்தில், விபூதிக் கிண்ணத்தின்மேல் சாய்ந்து, எல்லோர் கண்ணிலும் படும்படி நின்றது. பாதிக்கு மேல் பொத்தல்.

ஸ்வர்ணலதா தோளிலிருந்து பையை இறக்கவில்லை.

கூடத்துப் பாயில் தம்பி ஜெயக்குமார் சுருண்டு கிடந்தான். டைபாய்டு. வேலூரில் அவள் ஆராய்ச்சி செய்யும் இடத்துக்குப் பக்கத்திலேயே டாக்டரிடம் காட்டி, முழு மருந்தும் வாங்கிக் கையில் கொடுத்து, போன வாரம்தான் அவனை ஆரணி பஸ்ஸில் ஏற்றிவிட்டிருந்தாள். இந்நேரம் அவன் எழுந்து நடமாட வேண்டும். நேற்று எஸ்.டி.டி. பூத்திலிருந்து அம்மா பேசினாள், மறுபடி ஜுரம் என்று.

அவன் நெற்றியைத் தொட்டாள். அப்படி ஒன்றும் சூடாகத் தெரியவில்லை. சந்தேகத்தோடு தெர்மாமீட்டரை எடுத்து வைத்துப் பார்த்தாள்.

நூற்று மூன்று.

உள்ளே அப்பாவின் தறி ஓடிக்கொண்டிருந்தது. ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே வழக்கமில்லாத இடைவெளி. அப்பாவுக்கும் ஜுரம்தான் என்றாள் அம்மா. முகூர்த்தச் சேலை, நாளைக்குத் தறியிலிருந்து அறுத்துக் கொடுத்தாக வேண்டும். காலையில் ஒரு மாத்திரை கொடுத்ததும் எழுந்து போய்த் தறியில் உட்கார்ந்துவிட்டாராம்.

யாருடைய மாத்திரை?

அந்தக் கேள்வியே அம்மாவுக்குப் புரியவில்லை. வீட்டுக்கு ஒன்று வந்தால் அதை ஒருவருக்கு மட்டும் என்று எடுத்து வைப்பதா? ஜெயக்குமாருக்கு மூன்றாம் நாளே ஜுரம் விட்டது. பிறகும் அவனுக்கே எதற்கு? அப்பாவுக்கு ஒன்று. எதிர்வீட்டுத் திலகவதி, மகளுக்கு உடம்பு சுடுகிறது என்று வந்து நின்றாள், வெறுங்கையோடு எப்படி அனுப்புவது, அவளுக்கு ஒன்று. தனக்கே கை கால் குடைச்சல், பாதி. மறுபடி ஜுரம் வந்ததிலிருந்து அவனுக்கும் தினம் பாதி.

"ஜுரம் எனுக்கு. மாத்திரைய மட்டும் தெருவே தின்னுகினு கீது" என்றான் ஜெயக்குமார், கண்ணைத் திறக்காமல்.

அம்மா சிரித்தாள். ஸ்வர்ணலதாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

அவள் கண்ணுக்குள் ஆய்வகத்தின் இருட்டறை வந்திருந்தது. கிருமிக்குள் ஒளி தரும் மரபணு ஒன்றைக் கோத்து வைத்திருப்பார்கள். கிருமியின் சொந்த மரபணு ஒன்று தூக்கத்திலிருந்து விழித்தால் இதுவும் கூடவே விழித்துக்கொள்ளும், அந்த இடம் ஒளிரும். கிருமி வளர்க்கும் தட்டின் நடுவே மருந்து வில்லை. அதைச் சுற்றிலும் கறுப்பு, அங்கே எல்லாம் செத்துவிட்டன. வெகு தள்ளி, மருந்து எட்டாத இடத்தில், வெறும் மங்கல். இரண்டுக்கும் இடையில், மருந்து நீர்த்துப் போகிற ஓரத்தில்தான் வளையமாக அந்த வெளிச்சம்.

கொல்லப் போதாத மருந்து கிருமியைச் சும்மா விட்டுவிடுவதில்லை. தொட்டு எழுப்புகிறது. எழுந்தவை வேறு வேலை தொடங்குகின்றன. சில, மருந்தை வெளியே தள்ளப் பழகுகின்றன. சில ஒன்றோடொன்று ஒட்டி அடை கட்டிக்கொள்கின்றன.

முதல் தடவை பார்த்தபோது அழகு என்று வாய்விட்டுச் சொல்லியிருந்தாள். கூட இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

இந்த வீட்டில் இப்போது நடு என்று எதுவும் இல்லை. எல்லோரும் ஓரம்.

காதுமடல் எரிந்தது. முதுகெலும்பு நெடுக வலி. கோபம் வந்தால் அவளுக்கு உடம்பில்தான் வரும்.

இனி யாருக்கும் மாத்திரை வேண்டாம், அடுத்த பஸ்ஸில் எல்லோரும் வேலூர் போகிறோம் என்றாள். முதலில் ரத்தம் எடுக்க வேண்டும். அதற்கு முன்னால் மாத்திரை உள்ளே போனால் சோதனையில் கிருமி வளராமலே போகலாம். வளராவிட்டால் எந்த மருந்துக்கு அடங்கும் என்று தெரியாது. தெரியாமல் கொடுத்துக்கொண்டே இருந்தால் தம்பி பிழைப்பானா என்று சொல்ல முடியாது. கடைசி வாக்கியத்தை அவன் காதில் விழாமல் சொன்னாள்.

தறி நின்றது.

"சேல அறுக்காத நான் எங்கியும் வர்றதா இல்ல. அவன இட்டுனு போ" என்றார் அப்பா உள்ளேயிருந்து. தறி மறுபடி ஓடியது.

அம்மா அட்டையை எடுத்து ஒரு மாத்திரையைப் பிதுக்கினாள். பஸ் வருகிறவரைக்கும் பிள்ளை தாங்க வேண்டாமா என்றாள். நகத்தால் பாதியாக உடைத்து, தண்ணீர்ச் சொம்போடு பாயருகே குனிந்தாள். ஜெயக்குமார் வாயைத் திறந்தான்.

ஸ்வர்ணலதா அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

பிடித்த வேகத்தில் தண்ணீர் பாயில் சிந்தியது. பெற்றவளின் கையைப் பிடித்துத் தடுத்தது இதுதான் முதல் முறை. அம்மா கத்தப்போகிறாள் என்று நினைத்தாள்.

அம்மா கத்தவில்லை. தன்னைப் பிடித்திருந்த விரல்களைப் பார்த்தாள். சொம்பைக் கீழே வைத்தாள். புறங்கையை மகளின் கழுத்தில் வைத்து, எடுக்காமல் அப்படியே சற்று நேரம் இருந்தாள். அம்மாவின் முகத்தில் ஏறியிருந்த கோபமெல்லாம் வடிந்துபோயிற்று.

பிறகு உடைத்த துண்டுகளை மாடத்தில் வைத்துவிட்டு, அட்டையிலிருந்து இன்னொரு மாத்திரையைப் பிதுக்கி மகளின் உள்ளங்கையில் வைத்தாள்.

"ஒனக்கும் சுடுதுடி. நீ பாதியெல்லாம் போடாத, முழுசா போட்டுக்க."

ஸ்வர்ணலதா மாத்திரையை அம்மாவின் கைக்கே மாற்றினாள். அந்த விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி, தன் இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டாள். யார் கை சுடுகிறது என்று தெரியவில்லை.

"வேணாம்மா" என்றாள்.