நாற்பது புள்ளி அதிகம்

"இது தேறாதும்மா. நாற்பது புள்ளி அதிகமா காட்டுது," என்று பரிசோதகர் பேனாவை மூடினார்.

மேசைமேல் தீப்பெட்டி அளவில் ஒரு கருவி. ஆழ்கடலில் காந்தப்புலத்தை அளக்கும் உணரி. குடம் அளவில் இருந்ததை ஆறு வருடம் மல்லுக்கட்டி அவள் இந்த அளவுக்குச் சுருக்கியிருந்தாள். இன்று சான்றிதழ் கிடைத்தால் நாளைக் காலை ஆறு மணிக் கப்பலில் கருவி ஏறும். அதை இயக்க எட்டு மாதத்துக்கு அவளும் ஏறுவாள். கிடைக்காவிட்டால் இரண்டு பேருக்கும் கரைதான்.

"நேத்து சரியாத்தானே சார் காட்டுச்சு?"

"நேத்து நான் வரலையே."

"அப்ப உங்களாலதான். பெல்ட்டைக் கழட்டுங்க."

"என்னது!"

"பக்கிள் இரும்பு சார்."

துணிக்கடையில் சாயம் போகுமா என்று எச்சில் தொட்டுத் தேய்த்துப் பார்க்கிற ரகம் அவர். ஆனாலும் கழற்றினார். வாட்ச், சாவிக்கொத்து, மூக்குக்கண்ணாடி, கடைசியில் ஷூவும் வெளியே போயின. அவளும் தன் ஹேர்பின்களை உருவிப் போட்டாள். எண் அசைந்து கொடுக்கவில்லை.

"இன்னும் எதைம்மா கழட்டணும்? மானம் ஒண்ணுதான் பாக்கி," என்றார், பேன்ட்டை இழுத்துப் பிடித்தபடி.

கதவுக்கு வெளியே வைத்திருந்த அவள் போன் மூன்றாவது முறையாக அடித்தது. ஓடிப்போய் எடுத்தாள். அம்மா.

"சாப்பிட்டியாடி?"

"டெஸ்ட் நடக்குதும்மா."

"சாப்பாட்டுப் பையைப் பக்கத்துலயே வெச்சுக்கோ. தூர வெச்சா மறந்துடுவ."

"பக்கத்துலதான் இருக்கு. வை."

உள்ளே பரிசோதகர் பேனாவைத் திறந்துவிட்டார். "மணி அஞ்சு. தேறலைன்னு எழுதிடறேன்."

"அரை மணி நேரம் குடுங்க."

"அஞ்சு நிமிஷம்."

"இருபது."

"பத்து. அதுக்கு மேல பேச்சே கிடையாது."

கருவியை ஒயரோடு கையில் எடுத்துக்கொண்டு அறைக்குள் நடந்தாள். ஜன்னல் பக்கம் எண் இறங்கியது. கதவருகே இன்னும் இறங்கியது. தன் நாற்காலியை நெருங்கினாள், எண் எகிறியது. குனிந்தாள், நூறு, நானூறு, ஆயிரத்தைத் தாண்டியது.

அங்கே இருந்தது அவளுடைய சாப்பாட்டுப் பை. இந்த அறைக்கு இரும்பு ஆகாது என்று வீட்டில் பாடம் நடத்தி வாங்கிய துணிப்பை. உள்ளே பிளாஸ்டிக் டப்பா. அடித்துணியைத் தடவினாள். பல்லால் தையலைப் பிரித்தாள். உள்ளே இருந்ததைப் பார்த்தாள். உள்ளங்கையில் பொத்தி எடுத்துப்போய்த் தாழ்வாரக் கோடியில் வைத்துவிட்டு வந்தாள்.

நாற்பது காணாமல் போயிருந்தது.

"என்னம்மா அது?"

"வீட்டுச் சாமான் சார். உங்க கண்ணுக்கும் படல, என் கண்ணுக்கும் படல. இதுக்குப் பட்டுருச்சு. போடுங்க கையெழுத்தை."

ஒரு கை பேன்ட்டைப் பிடித்திருக்க, மறுகையால் போட்டார்.

வீட்டு வாசலிலேயே அம்மா காத்திருந்தாள். "தேறலைன்னா என்னடி, உலகமா முழுகிப்போச்சு? கை கழுவிட்டு வா."

அவள் நேரே சமையலறைக்குப் போனாள். சான்றிதழை ஃபிரிட்ஜ் கதவில் விரித்து, நேற்று வரை அதே கதவில் இருந்த மீன் பொம்மைக் காந்தத்தைப் பையிலிருந்து எடுத்து அதன்மேல் ஒட்டினாள்.

"தையலை நீ கெட்டியாத்தான் போட்டிருந்தம்மா," என்றாள். "காலையில அஞ்சுக்கு எழுப்பி விடு."