எந்த அத்தியாயம்?

தொடர்கதை நாயகி மாதங்கியின் இடது புருவத்தில் ஏன் தழும்பு என்று வாசகர் குழுவில் ஒரு வாரமாகப் பேச்சு. புலி அடித்தது என்றார் ஒருவர். வாள்வீச்சுதான் என்று ஒருத்தி படமே வரைந்து போட்டாள். முந்நூறு பேர் லைக் போட்டார்கள்.

கதையை எழுதுகிறவரின் மனைவி சுகிர்தாவும் வேறு பெயரில் அந்தக் குழுவில் இருந்தாள். அன்றுதான் முதன்முறையாக எழுதினாள்: “புருஷன் எழுதிட்டிருந்தப்ப சாப்பிடக் கூப்பிட்டா. டம்ளர் பறந்து வந்துச்சு.”

“எந்த அத்தியாயம்?” என்று கேட்டார் அட்மின். அத்தியாய எண் இல்லாத ஊகத்தை அங்கே விட்டுவைப்பதில்லை. அவள் யோசிப்பதற்குள் பதிவை நீக்கிவிட்டார்.

கூடத்திலிருந்து கணவர் கூப்பிட்டார்.

“சுகி, இந்தப் படத்தை வந்து பாரேன். தழும்பு அச்சு அசலா உன்னோடது மாதிரியே இருக்கு.”