விசில் வந்த வழி

மாலை வெயில் சாய்ந்து விழும் ஆய்வுக்கூடத்தில், நுண்ணோக்கியின் மேல் குனிந்து கணவனின் நுரையீரல் துணுக்கைப் பார்க்கிறாள் அவள். “இந்தச் செல்கள் மேல பொடிப்பொடியா முடி இருக்கணும்மா, சளியத் தள்ளிவிட. இவர் பட்டாளத்துல இருந்தப்போ போர்ல விஷப்புகை பட்டு உதிர்ந்தது, இத்தன வருஷமாகியும் முளைக்கல. எல்லாம் தழும்பாயிடுச்சு,” என்கிறார் டாக்டர். கல்யாணத்துக்கு முன்பு, தெருமுனையில் சைக்கிளை நிறுத்தி அவன் அடித்த விசிலெல்லாம் இந்த வழியாகத்தான் வந்திருக்கும். அதைக் கேட்டு ஈரத்தலையோடு மாடிக்கு ஓடியவள் அவள். “என்னடி... அப்படிப் பாக்குற?” பக்கத்து நாற்காலியில் ஆக்சிஜன் குழாயோடு இருப்பவன் மூச்சை இழுத்து இழுத்துக் கேட்கிறான். “சும்மா இருங்க. உங்ககிட்ட இவ்வளவு பக்கத்துல இப்பதான் வந்திருக்கேன்.” அவன் சிரிக்கப் பார்க்கிறான், இருமல் முந்திக்கொள்கிறது. கண்ணை எடுக்கும் முன்பே அவள் கை அவன் முதுகைத் தடவப் போய்விடுகிறது.