ஒயர் பிடுங்கிய கம்ப்யூட்டர்

மத்தியான வெயில் ஜன்னல் கம்பியோடு சேர்ந்து மேசையில் விழுந்து கிடக்கிறது. ஜங்ஷன் பக்கத்து அந்த அச்சகத்தில், கம்ப்யூட்டருக்கு அதில் உட்காருகிறவர் பெயரையே வைப்பது வழக்கம். அங்கே டைப் அடித்த வேணி செத்து ஒரு மாசமாகிறது. ஒயர் பிடுங்கிய அவள் கம்ப்யூட்டர் மூலையில் இருக்கிறது. ஆயுத பூஜைக்கு அவளே வைத்த சந்தனப் பொட்டு அதில் காய்ந்து வெடித்திருக்கிறது. ஆனால் பக்கத்து மேசையில் டைப் அடிக்கும் சித்ரலேகாவின் திரையில், நெட்வொர்க்கில் இருக்கும் கம்ப்யூட்டர்களுக்கு நடுவே ‘வேணி’யும் நிற்கிறது. “பழைய பேரு கொஞ்ச நேரம் கெடக்கும்மா, பைய போயிரும்” என்கிறார் பழுது பார்க்க வந்த குமரவேல் அண்ணாச்சி. “நேத்தும் இதத்தான சொன்னீய?” என்கிறாள் சித்ரலேகா. அவர் மவுஸை இழுத்து அந்தப் பெயரை அமுக்குகிறார். பாஸ்வேர்டு கேட்கிறது. அவர் கையை எடுத்துவிடுகிறார். காலிக் கட்டத்தில் நட்சத்திரப் புள்ளிகள் ஒவ்வொன்றாக விழுகின்றன, வேணி தட்டுகிற அதே நிதானத்தில். சித்ரலேகாவின் கைகள் இரண்டும் மடியில்தான் இருக்கின்றன.