இதுல என்ன போட்டிருக்காங்க?

"ஒரு வாய் சாப்பிட்டுட்டுச் சொல்லு. இதுல என்னென்ன போட்டிருக்காங்க?"

போஷெனா தன் கரண்டியைத் தொடாமல் கணவன் ராதிமின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஓட்டல் மேசைமேல் மீன் குழம்பும் சோளமாவுக் களியும் ஆவி பறந்தன.

ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தான். சூடு தெரிந்தது. அவ்வளவுதான். வெந்நீரைக் கொடுத்திருந்தாலும் அவனுக்கு வித்தியாசம் தெரிந்திருக்காது.

"தக்காளி, பூண்டு, வெள்ளை வைன்..." கண்ணில் பட்டதையும் ஊகித்ததையும் சேர்த்து அடுக்கினான். "அப்புறம், பிரிஞ்சி இலை."

"அதானே பார்த்தேன், பிரிஞ்சி இலை!" என்று சொல்லிவிட்டுத்தான் அவள் சாப்பிட ஆரம்பித்தாள். ராதிமுக்கு மூச்சு வந்தது. இந்த வேளையும் தப்பித்தாயிற்று.

செக் நாட்டு மொராவியாவில் அவர்கள் நடத்தும் சாப்பாட்டுக் கடை போஷெனாவின் அப்பா விட்டுப்போனது. அடுப்பு ராதிமுடையது, நாக்கு அவளுடையது. அவன் சமைத்ததை அவள் ருசி பார்த்துத் தலையசைக்காமல் ஒரு தட்டுகூட வெளியே போகாது.

பிப்ரவரியில் வந்த காய்ச்சல் இருவரையும் சேர்த்துப் படுக்கவைத்தது. எழுந்தபோது ராதிமுக்கு மூக்கும் நாக்கும் மரத்துப்போயிருந்தன. அவளிடம் மூச்சுவிடவில்லை. கைப்பழக்கத்தில் சமைத்தான், அவளும் வழக்கம்போல் தலையசைத்தாள். கடைக்கு வரும் கூட்டம் குறைந்தபோது எதிர்த் தெருவில் புதிதாக வந்த பிட்சா கடையை இருவரும் சேர்ந்து திட்டினார்கள்.

சொல்லாததற்குக் காரணம் இருந்தது. வயதான காலத்தில் அப்பாவுக்கு ருசி மங்கியதும், அன்றைக்கே அவர் இடுப்பிலிருந்து ஏப்ரனை அவிழ்த்தவள் இவள்தான். "ருசி தெரியாதவங்க என் அடுப்புப் பக்கம் நிக்கக் கூடாது. அது யாரா இருந்தாலும் சரி!" பெற்ற அப்பாவுக்கே அப்படியென்றால் புருஷன் எம்மாத்திரம்?

போன வாரம் திடீரென்று, "கடையைப் பூட்டு, கடலுக்குப் போகலாம். ஒரு வாரம் மத்தவங்க சமைச்சதைச் சாப்பிடுவோம்" என்று இந்தக் கடற்கரை ஊரான ஸ்ப்லிட்டுக்கு இழுத்து வந்தாள். வந்ததிலிருந்து ஒரே சோதனைதான். பழைய அரண்மனைச் சுவரோரம் லாவெண்டர் கொத்து விற்ற பெண்ணிடம் ஒன்றை வாங்கி முதலில் அவன் மூக்கில் வைத்தாள். "எப்படி இருக்கு?" மணிக்கூண்டுப் படியேறி மூச்சு வாங்கும்போதுகூட ஒரு துண்டு உப்பிட்ட இறைச்சியை நீட்டி, "இது புகையில காய வச்சதா, காத்துலயா?" என்றாள்.

காற்றில் என்றான். ஆமாம் என்றாள். தெரிந்துகொண்டேதான் கேட்கிறாளோ?

"ஊருக்குப் போனதும் உங்கிட்ட ஒரு விஷயம் பேசணும்" என்றாள் இப்போது, ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே.

அவன் கரண்டி பாதியில் நின்றது. "என்ன விஷயம்?"

"நம்ம கடையைப் பத்தி."

"இங்கேயே சொல்லேன்."

"முதல்ல சாப்பிடு. நல்ல சாப்பாட்டைக் கெடுத்துக்காதே."

யாரோ எழுந்துபோய் ஜன்னல்களை எல்லாம் திறந்துவிட்டார்கள். பக்கத்து மேசை ஜெர்மன் தம்பதி தட்டைத் தள்ளிவைத்துவிட்டு முணுமுணுத்தார்கள். ராதிம் எதையும் கவனிக்கும் நிலையில் இல்லை. ஏப்ரன் கைமாறப்போகிறது என்ற நினைப்பிலேயே களியையும் குழம்பையும் விழுங்கித் தீர்த்தான்.

சமையலறைக் கதவு படாரென்று திறந்தது. கடைக்காரம்மா முகம் சிவக்க ஓடி வந்தாள். கோடை முழுக்கச் செக் நாட்டுக்காரர்கள் வந்துபோகிற ஊர், அவர்கள் மொழி அவளுக்கு நன்றாகவே வரும்.

"ஐயோ, அதைச் சாப்பிடாதீங்க! பானை அடியோட தீஞ்சுபோச்சு. வாயில வைக்க முடியல, ஒரே கருகல்னு எல்லாரும் திருப்பி அனுப்பிட்டாங்க. தெருமுனை வரைக்கும் நாத்தம் அடிக்குது, உங்களுக்கு..."

இரண்டு தட்டுகளும் காலியாகக் கிடப்பதைப் பார்த்ததும் எதுவும் புரியாமல் திரும்பி நடந்தாள்.

ராதிம் தலையைக் குனிந்துகொண்டான். இனி மறைக்க ஒன்றுமில்லை.

"போஷா, பிப்ரவரிக் காய்ச்சல்லேர்ந்து எனக்கு ருசியும் தெரியல, வாசனையும் தெரியல. நீ அடுப்பை விட்டு எறக்கிடுவியோன்னு பயந்து சொல்லாம விட்டுட்டேன். பிரிஞ்சி இலை, புகை, காத்து... எல்லாமே குருட்டாம்போக்குல அடிச்சுவிட்டதுதான். திட்டறதா இருந்தா இப்பவே திட்டிடு."

திட்டு வரவில்லை. நிமிர்ந்து பார்த்தான். போஷெனாவின் முகம் வெளுத்துப்போயிருந்தது. மேசைக்கு மேலாக அவன் கையை இறுகப் பற்றினாள்.

"அப்போ இத்தனை மாசமா நம்ம கடையில ருசி பார்த்தது யாரு?"