ஹம்பேர்க் போன பிள்ளை

கம்சனா சட்டச் சோதனையில் பெயிலானதைக்கூட றீற்றா பெரிதாக எடுக்கவில்லை. பெயிலானவள் பீலெஃபெல்டை விட்டு ஹம்பேர்க்குக்குப் போய்த் திரும்ப எழுதப்போகிறாள் என்ற கதைதான் அவளைப் போட்டுக் குழப்பியது.

பள்ளிக்கூடத்தில் ஜெர்மன் பிள்ளைகளையே பின்னுக்குத் தள்ளியவள். அவளா பெயில்? சரி, அதுதான் போகட்டும். ஹம்பேர்க்கில் எவன் இருக்கிறான்?

கதிர்காமநாதனின் கடையில் நாலு பேர் நாலு விதமாகக் கதைத்தார்கள். அந்த நாலு பேரில் றீற்றாவும் ஒருத்தி. நேரே கேட்டுவிடுவது என்று மேல்மாடியில் இருந்த கம்சனா வீட்டுக்கு ஏறினாள்.

கைப்பையில் மருத்துவக் காப்புறுதிக் கடிதம் ஒன்றும் இருந்தது. மார்ச் மாதம் புருஷன் வின்சன்றுக்கு நெஞ்சில் ஒப்பரேஷன் நடந்ததிலிருந்து கடிதங்கள் ஓய்ந்தபாடில்லை. அதையும் கம்சனாவிடம் வாசிப்பித்து விடலாம்.

தாய் பிறேமா வேலைக்குப் போயிருந்தாள். கம்சனா தனியே, மேசை நிறையக் கடதாசிகளோடு இருந்தாள்.

"ஏன் பிள்ளை, ஹம்பேர்க்கிலை சோதனை லேசோ?"

"இல்லை அன்ரி. எங்கையும் ஒண்டுதான்."

"அப்ப இஞ்சை பெயிலானது அங்கை தெரியவராதாக்கும்."

அதுவும் இல்லையாம். ஒரு மாநிலத்தில் தவறினால் அந்தக் கணக்கும் கூடவே மற்ற மாநிலத்துக்குப் போகுமாம். மொத்தம் இரண்டே தரம். இனியும் தவறினால் ஜெர்மனியின் எந்த மூலையிலும் கோட்டில் வாதாடும் அப்புக்காத்தாக முடியாதாம். இடம் மாறுவதற்கும் இரண்டு பக்கமும் அனுமதி வேண்டுமாம். மேசையில் கிடந்த விண்ணப்பம் அதற்குத்தானாம்.

றீற்றாவுக்குத் தலை சுற்றியது. லேசும் இல்லை, மறைக்கவும் வழியில்லை. பிறகென்னத்துக்கு இந்த அலைச்சல்?

"அங்கை உனக்கு ஆரைத் தெரியும்?"

"ஒருத்தரையும் தெரியாது அன்ரி. அதாலைதான்."

இது என்ன பதில்? ஒருத்தரையும் தெரியாத ஊருக்கு ஒரு குமர்ப்பிள்ளை எதற்குப் போகும்? றீற்றாவுக்குக் கோபமே வந்துவிட்டது. பிறேமாவின் காதில் இன்றைக்கே போட்டுவைக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

டெலிபோன் அடித்தது. கம்சனா எழுந்து போனாள். யாரோ தபோதரனாம். வெளிநாட்டவர் அலுவலகத்துக்கு நாளைக் காலை மொழிபெயர்க்கக் கூட வரவேண்டுமாம். "ஓம் அண்ணை, வாறன்" என்றது கேட்டது.

றீற்றா மேசைக் கடதாசிகளிலிருந்து ஒரு கடிதத்தை மெல்ல இழுத்துப் பார்த்தாள். பன்னிரண்டு வருஷம் இந்த நாட்டில் இருந்தும் அவளால் ஜெர்மனில் வாசிக்க முடிந்தது இலக்கங்களை மட்டும்தான். வரிசையாகத் திகதிகள். ஒவ்வொன்றுக்கும் நேரே சோதனையில் எடுத்த புள்ளி. 11.3.97க்கு நேரே மட்டும் பூச்சியம்.

அந்தத் திகதியை றீற்றா மறக்கமாட்டாள்.

அன்று காலை ஆறரைக்கு வின்சன்ற் குசினியில் சரிந்து விழுந்தார். றீற்றா டெலிபோனில் கூப்பிட்டதும் ஓடி வந்தவள் கம்சனா. அம்புலன்சில் கூடவே ஏறி, டொக்டர் கேட்டதையெல்லாம் தமிழாக்கி, இவள் சொன்னதையெல்லாம் ஜெர்மனாக்கி, பின்னேரம் வரைக்கும் ஆஸ்பத்திரியில் நின்றாள். உனக்கு இன்றைக்கு ஏதும் அலுவல் இருக்கோ பிள்ளை என்று றீற்றா ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கம்சனா திரும்பி வந்தாள்.

"ஏன் பிள்ளை எனக்குச் சொல்லேல்லை?" றீற்றாவின் விரல் அந்தத் திகதியிலேயே இருந்தது.

கம்சனா கடிதத்தை வாங்கி மடித்து வைத்தாள்.

"சொன்னா என்னைப் போகச் சொல்லியிருப்பியள். அங்கிளுக்கு எந்த மருந்து ஒத்துவராதெண்டு அங்கை ஆர் சொல்லுறது?"

ஒரு நாள் வராவிட்டால் முழுச் சோதனையும் பெயிலாம். எழுதுகிறவருக்கு நோய் வருத்தம் என்றால்தான் மன்னிப்பாம். கீழ்வீட்டுக்காரருக்கு வருத்தம் என்பது காரணம் ஆகாதாம். இதைச் சொல்லிவிட்டுக் கம்சனா சிரித்தாள். றீற்றாவுக்குச் சிரிப்பு வரவில்லை. வெட்கமாக இருந்தது. கடையில் தான் பேசிய பேச்செல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது.

"பையிலை கடிதம் ஏதும் கொண்டுவந்தனீங்களோ அன்ரி? தாங்கோ, பாப்பம்."

"இல்லைப் பிள்ளை. அது சும்மா விளம்பரம்." றீற்றா பையை இழுத்து மூடினாள்.

மறுபடி டெலிபோன் அடித்தது. கம்சனா போக முன்னமே றீற்றா போய் எடுத்துவிட்டாள். கடைக்காரக் கதிர்காமநாதன். வரிக் கந்தோரிலிருந்து ஏதோ கடிதமாம், டெலிபோனைப் பிள்ளையிடம் கொடுக்கச் சொன்னார்.

றீற்றா எதிரில் நின்ற கம்சனாவைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"பிள்ளை இஞ்சை இல்லை அண்ணை. நேற்றே ஹம்பேர்க்குக்குப் போயிட்டுது. கடைக்கு வாற எல்லாருக்கும் சொல்லிவிடுங்கோ."